பால் கணக்கு யார் பெயரில்?

பால் உற்பத்தியில் 1998இலிருந்து இந்தியாவுக்குத்தான் உலகின் முதலிடம். 2023-24ஆம் ஆண்டில் நாட்டின் உற்பத்தி 23.93 கோடி டன். உலகம் கறக்கும் பாலில் இது ஏறத்தாழக் கால்வாசி. நெல், கோதுமை இரண்டின் மதிப்பையும் சேர்த்துக் கூட்டினாலும் பாலின் மதிப்பை எட்டாது. 2022 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவில் நடந்த உலகப் பால் மாநாட்டில் பிரதமர் இரண்டு கணக்குகளைப் பெருமையோடு எடுத்துச் சொன்னார். இந்தியப் பால் துறையில் உழைப்பவர்களில் 70 சதவீதம் பேர் பெண்கள் என்பது ஒன்று; பால் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள் என்பது மற்றொன்று. தனித்தனியே கேட்டால் இரண்டுக்குமே கைதட்டலாம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தட்டுகிற கை தயங்கும். பத்தில் ஏழு பங்கு உழைப்பவர்கள் உறுப்பினர் பதிவேட்டில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கிறார்கள் என்றால், மற்றப் பெண்கள் பாடுபட்டு ஊற்றும் பால் யார் கணக்கில் ஏறுகிறது? கிராமத்துப் பெண்ணின் உழைப்பைப் போற்றும் பேச்சுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. சங்க உறுப்பினர் பதிவு, பால் பணம் வந்து விழும் வங்கிக் கணக்கு, மாட்டின் உரிமை ஆகிய மூன்றும் மாட்டைப் பராமரிக்கும் பெண்ணின் பெயருக்கு மாறாதவரை அந்தப் போற்றுதலால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இரண்டு கறவை மாடுகள் உள்ள வீட்டு வேலையை எண்ணிப் பார்த்தாலே இது புரியும். விடியுமுன் சாணி அள்ளித் தொழுவத்தைக் கூட்ட வேண்டும். மடியைக் கழுவித் துடைத்துக் கறந்து, சொசைட்டியில் அளவை முடிவதற்குள் பாலைக் கொண்டுசேர்க்க வேண்டும். பிறகு பிண்ணாக்கு ஊறவைத்துத் தவிடு கலந்து தண்ணீர் காட்டுவது, வரப்பிலோ வாய்க்கால் ஓரத்திலோ புல் அறுத்துச் சுமந்து வருவது, வெயில் ஏறினால் மாட்டை நிழல் பார்த்து மாற்றிக் கட்டுவது, மாலையில் மறுபடி கறவை என்று வேலை நீளும். சில ஊர்களில் கறப்பதற்கு மட்டும் கறவைக்காரர் வந்துபோவார். மற்றதெல்லாம் வீட்டுப் பெண் தலையில்தான். இவை வெறும் உடலுழைப்பு என்று நினைத்தால் தவறு. மாடு பருவத்துக்கு வந்திருப்பதை முதலில் கண்டுகொள்பவர் அவர்தான். அது கத்தும் விதம், தீவனத்தில் காட்டும் அசட்டை, பின்புறம் வழியும் கண்ணாடி போன்ற திரவம் இவற்றையெல்லாம் கவனித்துச் சினை ஊசிக்கு நேரம் குறிக்க வேண்டும். ஒருமுறை தவறவிட்டால் அடுத்த பருவம் வர ஏறத்தாழ 21 நாள் ஆகும். அத்தனை நாள் தீவனமும் வீண். மடிவீக்கம் வருமுன்பே காம்பின் சூட்டை வைத்து அறிவதும் அந்தக் கைதான். ஆனால் மருத்துவரை அழைப்பது, மாட்டை விலை பேசுவது, கடன் மனுவில் கையெழுத்திடுவது, சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் உட்காருவது என்று தொழிலின் வெளிவாசல் முழுவதும் பெரும்பாலும் ஆண்களிடம் இருக்கிறது.

புள்ளிவிவரங்கள் இதைச் சொல்லாமல் இல்லை. சொல்கிற விதம்தான் கோணல். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விதிப்படி, வீட்டு உபயோகத்துக்காக மட்டும் பால் உற்பத்தி செய்பவரும் ‘வேலை செய்பவர்’தான். விதி அப்படி இருந்தும், கணக்கெடுப்பாளரிடம் ‘வீட்டில்தான் இருக்கிறாங்க’ என்று ஒரே வார்த்தையில் பதில் வந்துவிடுகிறது, பல நேரம் அந்தப் பெண்ணின் வாயிலிருந்தே. கிராமப்புறப் பெண்களில் வேலையில் இருப்போர் அல்லது வேலை தேடுவோர் விகிதம் 2017-18இல் 24.6 சதவீதம், 2023-24இல் அது 47.6 சதவீதமாகக் கூடியது. இதைக் கொண்டாடுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. நாட்டில் வேலை செய்யும் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் குடும்பத் தொழிலில் கூலியில்லாத உதவியாளர்கள். மாட்டுத் தொழுவத்தில் நிற்கும் பெண் இந்தக் கட்டத்தில்தான் வருகிறார். மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண் 88 நிமிடமும் செலவிடுவதாகச் சொல்கிறது. அடுப்படிக்கும் தொழுவத்துக்கும் நடுவே கோடு கிழிக்க முடியாத வீட்டில், மாட்டு வேலையும் அந்த வீட்டு வேலைக்குள் கரைந்து காணாமல் போகிறது.

எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நினைக்க வேண்டாம். சங்க இலக்கியத்தின் பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் வருகிறாள். விடியலில் தயிர் கடைந்து, மோரை விற்று, வந்த தானியத்தில் சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய் விற்ற விலைக்குப் பொன் வாங்காமல் எருமையும் பசுவும் வாங்குகிறாள். உற்பத்தி, விற்பனை, முதலீடு மூன்றையும் ஒரே பெண் முடிவுசெய்கிறாள். அண்மைக் காலம்வரை தமிழக ஊர்களில் மோரும் தயிரும் வெண்ணெயும் விற்ற காசு பெண்களின் சிறுவாடாகத்தான் இருந்தது. அரிசிப் பானையில் ஒளிந்திருந்தாலும் அது அவர் காசு. கூட்டுறவுச் சங்கம் வந்ததும் பால் பாலாகவே வீட்டைவிட்டு வெளியேறியது. கடைவதற்கும் காய்ச்சுவதற்கும் வேலை இல்லாமல் போனது. குடும்ப வருமானமும் கூடியது. அதோடு சேர்ந்து சத்தமில்லாமல் இன்னொன்றும் நடந்தது. பால் சொசைட்டி உறுப்பினர் என்றால் குடும்பத் தலைவர் என்று வைத்துக்கொண்டு பதிவேட்டில் ஆண் பெயரை எழுதினார்கள். ஐரோப்பாவிலும் இதே கதைதான். வெண்ணெய் எடுப்பது அங்கே நெடுங்காலம் பெண்களின் கைத்தொழில். 1878இல் ஸ்வீடனின் குஸ்டாஃப் டி லாவால் பாலாடை பிரிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார்; 1882இல் டென்மார்க்கில் முதல் கூட்டுறவுப் பாலாடை ஆலை தொடங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் அந்தத் தொழிலின் நிர்வாகம் ஆண்களிடம் போய்ச் சேர்ந்தது. இதற்காகக் கூட்டுறவையே குறை சொல்வது நியாயமில்லை. 1946இல் கேடா மாவட்டத்தில் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் தொடங்கி, வர்கீஸ் குரியனின் கையால் நாடெங்கும் பரவிய ஏற்பாடு அது. இடைத்தரகர்களிடமிருந்து கோடிக்கணக்கான ஏழைக் குடும்பங்களை மீட்டது. பதிவேட்டில் பெயர் எழுதிய இடத்தில் மட்டும் அது அரைக் கண்ணை மூடிக்கொண்டது.

‘பெயரில் என்ன இருக்கிறது, பணம் வீட்டுக்குத்தானே வருகிறது’ என்பார்கள். பெயரில்தான் எல்லாமே இருக்கிறது. பால் பணம் கையில் எண்ணிக் கொடுக்கப்பட்ட காலத்தில், பாலைக் கொண்டுபோன பெண்ணின் கைக்காவது அது முதலில் வந்தது. வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் போகத் தொடங்கியபின், உறுப்பினர் யாரோ அவர் கணக்குக்குத்தான் போகிறது. வெளிப்படைத்தன்மைக்காகச் செய்த நல்ல மாற்றம், பதிவேடு பிழையாக இருந்த இடத்தில் பெண்ணின் கையிலிருந்த கடைசிக் காசையும் எடுத்துக்கொண்டது. 2018-19 முதல் கால்நடை வளர்ப்போருக்கும் கிசான் கடன் அட்டை உண்டு. பிணையில்லாக் கடன் வரம்பு 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய். அட்டை யாருக்குக் கிடைக்கும்? மாடும் பால் கணக்கும் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. இப்போது ஒவ்வொரு மாட்டின் காதிலும் 12 இலக்க எண் கொண்ட மஞ்சள் வில்லை தொங்குகிறது. அந்த எண்ணோடு கணினியில் உரிமையாளர் பெயரும் ஏறுகிறது. தடுப்பூசி, சினை ஊசி, காப்பீட்டு இழப்பீடு எல்லாம் இனி அந்த எண்ணைத் தொடர்ந்தே வரும். நிலத்துக்குப் பட்டா போல மாட்டுக்கும் ஒரு பட்டா நம் கண்முன்னே எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடி உடைமைகளில் பெண்கள் பெயரில் இருப்பவை சுமார் 14 சதவீதம்தான். நிலப் பட்டாவில் நூற்றாண்டுகளாக நடந்ததை மாட்டுப் பட்டாவில் திரும்பச் செய்ய வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. இன்று எழுதும்போதே சரியாக எழுதிவிடலாம்.

குடும்பம் ஒன்று, பை ஒன்று, அதற்குள் கணவன் மனைவி என்று கணக்குப் பிரிப்பது வீட்டை உடைக்கும் வேலை என்பது கிராமங்களில் அதிகம் கேட்கும் மறுப்பு. எல்லா வீடும் சண்டைக்காடு இல்லை என்பது உண்மைதான். ஆனால் உரிமை பெண்ணின் பெயருக்கு வந்தால் வீடு உடைகிறதா, நிமிர்கிறதா என்பதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், வீடோ நிலமோ இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவரின் அடி உதையைச் சந்தித்திருந்தார்கள். இரண்டும் தன் பெயரில் வைத்திருந்த பெண்களில் அது 7 சதவீதம். மாடும் நிலமும் ஒன்றல்ல; அந்த எண்களை அப்படியே தொழுவத்துக்கு எடுத்துவர முடியாது. ஆனாலும் சொத்தில் பெயர் இருப்பது ஒரு பெண்ணின் நிலையை வீட்டுக்குள்ளேயே மாற்றுகிறது என்பதை மறுக்கவும் முடியாது. நிலமற்ற, குறுநில வீடுகளில் பெண்ணால் எட்டிப் பிடிக்கக்கூடிய ஒரே பெரிய சொத்து மாடுதான். கணவரை இழந்த பெண்ணின் நிலையையும் பாருங்கள். உறுப்பினர் அவர் கணவர் என்றால், இறப்போடு அந்த உறுப்பினர் பதிவும் முடிகிறது. அத்தனை ஆண்டுகள் கறந்து ஊற்றியவர் புதிதாக மனுப்போட்டு நிற்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு மறுப்புக்கு வலு கொஞ்சம் கூடுதல். பெயரை மாற்றினால் பினாமி உறுப்பினர்கள்தான் கிடைப்பார்கள். ஊராட்சித் தலைவிக்குப் பதில் கணவர் நாற்காலியில் உட்கார்ந்த கதை இங்கும் நடக்கும் என்பது அது. சில இடங்களில் நடக்கும், ஐயமில்லை. ஆனால் ஊராட்சியில் இடஒதுக்கீடு வந்து ஒரு தலைமுறை கடப்பதற்குள் தானே முடிவெடுக்கும் தலைவிகள் எத்தனை பேர் உருவாகிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. பால் துறையிலேயே சான்றுகள் இருக்கின்றன. தெலங்கானாவின் முல்கனூரில் 2002இல் தொடங்கிய மகளிர் பால் கூட்டுறவு ஒன்றியம் முழுக்கப் பெண்களுடையது. அதற்கு முன்பே அங்கே சிக்கனக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்திக் கணக்குப் பழகிய பெண்கள், பிறகு பாலைப் பதப்படுத்தி விற்கும் அளவுக்கு வளர்ந்தார்கள். நம் எல்லையை ஒட்டிய திருப்பதியில் 2014இல் பதிவான ஸ்ரீஜா மகளிர் பால் உற்பத்தியாளர் நிறுவனத்தில் உறுப்பினர் அத்தனை பேரும் பெண்கள்; எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2024இல் பாரிஸ் உலகப் பால் மாநாட்டில் சர்வதேசப் பால் கூட்டமைப்பின் விருது அதற்குக் கிடைத்தது. விருதைவிடப் பெரிய செய்தி, ஆண் பெயரில்லாமலும் ஒரு பால் நிறுவனம் லட்சம் வீடுகளோடு வியாபாரம் செய்ய முடியும் என்று நிரூபணமானது. ஒரு குழுவில் இரண்டு பெண்கள் இருந்தால் பினாமி ஆக்கிவிடலாம். குழுவே பெண்களாக இருந்தால் எத்தனை கணவர்கள் வாசலில் நிற்பார்கள்? கூட்டுறவுகளுக்கான 97ஆவது அரசமைப்புத் திருத்தம்கூட 21 பேர்வரை இருக்கக்கூடிய இயக்குநர் குழுவில் பெண்களுக்கு இரண்டு இடம்தான் ஒதுக்கியது. மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களைப் பொறுத்தவரை அந்தப் பகுதி செல்லாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு விஷயம்.

இனி விலைக்கு வருவோம். விவாதத்தின் கடினமான பகுதி இதுதான். 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தபோது ஆவினுக்குப் பசும்பால் ஊற்றியவருக்குக் கிடைத்தது 38 ரூபாய். ஒரு கணக்குக்காக, இரண்டு மாடு சேர்ந்து நாளுக்கு 16 லிட்டர் தருவதாக வைப்போம். வரவு 608 ரூபாய். பால் உற்பத்திச் செலவில் பெரும்பங்கு தீவனம்தான். வரவில் 60 சதவீதம் என்று குறைத்தே வைத்தாலும் சுமார் 365 ரூபாய் போய்விடும். மிச்சம் 243. இதில் அந்தப் பெண்ணுக்குக் கூலி போடுங்கள். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 336 ரூபாய். மாட்டு வேலையை அரை நாள் வேலையாகக் கருதினால் 168. எஞ்சுவது 75 ரூபாய். சினை ஊசி, மருந்து, காப்பீடு, மாடு வாங்கிய கடனுக்கு வட்டி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மாடு பால் வற்றி நிற்கும் மாதங்களில் வரவே கிடையாது. தீவனமும் வேலையும் அப்போதும் உண்டு. ஆக, லிட்டருக்குப் பத்து ரூபாய்க்கு மேல் வரக்கூடிய பெண்ணின் கூலியைப் பூஜ்யம் என்று எழுதினால்தான் இந்தத் தொழில் லாபம் காட்டுகிறது. நகரத்துக் காபியின் விலையில் அவர் தரும் மானியம் ஒன்று ஒளிந்திருக்கிறது. நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கணக்கிடும்போது குடும்பத்தார் உழைப்புக்கும் கூலி போட்டுச் செலவில் சேர்க்கிறார்கள். அந்தச் செலவைப் போல ஒன்றரை மடங்கு என்பதே 2018-19 முதல் மத்திய அரசு சொல்லும் அளவுகோல். பாலுக்கு ஆதரவு விலையும் இல்லை, அந்தக் கூலிக் கணக்கும் இல்லை.

அப்படிச் சேர்த்தால் பால் விலை ஏறும், குழந்தைகள் உள்ள ஏழை வீடுகள் தவிக்கும் என்பது அலட்சியப்படுத்தக் கூடாத கவலை. பால் வாங்குவோரில் கூலித் தொழிலாளர்களும் உண்டு. நுகர்வோருக்குப் பால் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று அரசு முடிவெடுப்பது சரி. அதற்கான பணத்தை அரசு தன் கருவூலத்திலிருந்து தர வேண்டும். லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அந்த வழியில் வைத்த ஓர் அடிதான். மலிவுக்கான முழுச் சுமையையும் ஊதியமில்லாத ஒரு பெண்ணின் முதுகில் ஏற்றிவிட்டு அதைச் சமூகநீதி என்று அழைக்க முடியாது. இதில் தாமதித்தால் நட்டம் கூட்டுறவுக்குத்தான். 2023 மே மாதம் அமுல், கிருஷ்ணகிரியை மையமாக வைத்து வட மாவட்டங்களில் பால் கொள்முதலில் இறங்கியபோது, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் வழியாகவும் நுழைந்தது. தமிழக முதல்வர் அதை எதிர்த்து மத்திய அமைச்சர் அமித் ஷாவுக்கு எழுதிய கடிதத்தில் 9,673 சங்கங்களையும் பால் ஊற்றும் சுமார் நாலரை லட்சம் உறுப்பினர்களையும் எடுத்துக்காட்டினார். ஒரு மாநிலத்தின் பால் வட்டத்தில் இன்னொரு மாநிலக் கூட்டுறவு கை வைக்கக் கூடாது என்ற அவர் வாதம் நியாயமானது. என்றாலும், வந்தவர்கள் எந்த வாசலைத் தட்டினார்கள் என்பதை ஆவின் மறந்துவிடக் கூடாது. பால் யாரிடம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பெண் விடுதலை பேசுபவர்கள் பக்கமிருந்தே ஒரு கேள்வி வரும்: உறுப்பினர் பதவி, உரிமை என்று சொல்லிப் பெண்ணை நிரந்தரமாகத் தொழுவத்திலேயே கட்டிப்போடப் பார்க்கிறீர்களா? படித்த மகள்கள் சாணி அள்ள மறுப்பது முன்னேற்றம் இல்லையா? மறுக்கட்டும், தாராளமாக வேறு வேலைக்குப் போகட்டும். ஆனால் கூலியும் பெயரும் இல்லாத வேலையிலிருந்துதான் ஆட்கள் முதலில் ஓடுவார்கள். அந்த இடத்தைப் பின்பு கறவை இயந்திரமும் ஐம்பது மாட்டுப் பண்ணையும் நிரப்பும். அங்கே முதலாளி பெரும்பாலும் ஆணாகவே இருப்பார். மத்திய அரசின் ‘வெண்மைப் புரட்சி 2.0’ கூட்டுறவுகளின் பால் கொள்முதலை ஐந்தாண்டில் 50 சதவீதம் உயர்த்தப் போவதாகச் சொல்கிறது. மகளிர் மேம்பாடும் அதன் நோக்கங்களில் ஒன்று. கூடுதல் பால் கூடுதல் வேலை இல்லாமல் வராது. அந்த வேலையின் ஆபத்துகளும் பெண் மீதே விழுகின்றன. கன்று வீச்சு நோய் என்னும் புரூசெல்லோசிஸ் கண்ட மாட்டின் நஞ்சுக்கொடியையோ செத்துப் பிறந்த கன்றையோ வெறுங்கையால் எடுப்பவருக்கும் அந்நோய் தொற்றும். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் அதன் அடையாளங்கள். வயல் வேலை அலுப்பு என்று அவரே ஒதுக்கிவிடுவார். 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு இதற்கான தடுப்பூசி இலவசம். கன்று ஈனும் நேரத்தில் கையுறை போட வேண்டும் என்பதையும் அந்தத் தடுப்பூசியையும் சொல்லித்தரும் பயிற்சி முகாமுக்கு அழைப்பு யாருக்குப் போகிறது? உறுப்பினருக்கு. மறுபடியும் அதே பதிவேட்டில் வந்து நிற்கிறோம்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாதையும் இல்லை. 2011இல் தொடங்கிய விலையில்லாக் கறவை மாடு திட்டத்தின் பயனாளிகள் கிராமப்புறப் பெண்கள்தான். மகளிர் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்களும் இங்கே பல ஆண்டுகளாக இருக்கின்றன. ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டத்துக்கு 2023இல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தபோது, வீட்டுக்குள் பெண் செய்யும் வேலைக்கும் மதிப்புண்டு என்பதை அரசே ஏற்றுக்கொண்டது. அதே கொள்கையைப் பால் பதிவேட்டுக்கும் நீட்டிக்கப் பெரிய சட்டம் தேவையில்லை. ஒரு வீட்டிலிருந்து பால் ஊற்றும் உறுப்பினரின் பெயரோடு மாட்டைப் பராமரிக்கும் பெண்ணையும் கூட்டு உறுப்பினராகச் சேர்த்து, பணம் போகும் கணக்கை அவர் பெயருக்கு மாற்றும் முகாம்களைச் சங்கம்தோறும் நடத்தலாம். புதிய உறுப்பினர் சேர்க்கையில் பெண் பெயரே முதற்பெயர் என்று துணைவிதியில் எழுதலாம். காது வில்லை மாட்டவரும் ஊழியர், ‘மாடு யார் பெயரில்’ என்று கேட்கும் முன் ‘மாட்டை யார் பார்த்துக்கொள்கிறார்’ என்று கேட்கப் பழகலாம். கொள்முதல் விலை நிர்ணயத்தில் குடும்ப உழைப்புக்குக் கூலி சேர்த்து, அந்தக் கணக்கைப் பொதுவில் வைக்கலாம். இவற்றில் முதல் மூன்றுக்குச் செலவே கிடையாது. நான்காவதற்குச் செலவு உண்டு. இதுவரை அதைக் கட்டிவந்தவர் யார் என்பது தெரிந்த பிறகு அரசு அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. முதல் வேலையாக, ஒவ்வொரு மாவட்ட ஒன்றியத்திலும் உறுப்பினர்களில் பெண்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரின் சொந்தக் கணக்குக்குப் பால் பணம் போகிறது என்ற இரண்டு எண்களை ஆண்டுதோறும் ஆவின் வெளியிட வேண்டும்.